ரொட்டிக்கடையில் வெந்த வாத்து

டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ (1843) குறுநாவலில் கிராச்சிட் வீட்டுப் பிள்ளைகள் பண்டிகை வாத்தை ரொட்டிக்கடையிலிருந்து எடுத்து வருவதை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். லண்டன் ஏழைகளிடம் இருந்தது கணப்பு மட்டுமே. புட்டிங்கைத் துணி வெளுக்கும் கொப்பரையில் அவிக்கலாம் (சலவை வாடை வீசுமாம்!), முழு வாத்து அங்கே வேகாது. நிலக்கரிக்கும் காசு வேண்டும். ரொட்டிக்காரரின் செங்கல் அடுப்போ சூட்டைத் தேக்கி வைக்கும். சில்லறை கொடுத்தால் தெருவார் இறைச்சியெல்லாம் ஒரே வெப்பத்தில் வெந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேலைகளைத் தடைசெய்ய 1830களில் ஆண்ட்ரூ ஆக்னியூ மசோதாக்கள் கொண்டுவந்தார். சொந்த அடுப்பும் சமையலாளும் உடையோருக்கு அது பக்தி. மற்றவர்க்கோ வாரத்தின் ஒரே நல்ல சாப்பாடு பறிபோகும். 1836இல் டிக்கன்ஸ் புனைபெயரில் எதிர்ப்புப் பிரசுரம் எழுதினார். மசோதா தோற்றது. ஆயினும் ஏழாண்டு கழித்து, கரோலில், ஸ்குரூஜ் அதே குற்றச்சாட்டை ஆவியின் முன் வைக்கிறான்.