நாற்பது வாட்

மின்கணக்கு எடுப்பவர் வந்து போன நாளின் மாலையில் தமிழகத்து வீடுகள் பலவற்றில் ஒரு சிறு விசாரணை நடைபெறுவதுண்டு. தொகை ஏன் ஏறியது என்பதே வழக்கு. கூண்டில் பெரும்பாலும் நிறுத்தப்படுவது வீட்டின் இளைய தலைமுறையும் அதன் கையிலிருக்கும் கைப்பேசியும். "ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு வைத்தால் பில் ஏறாமல் என்ன செய்யும்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகளிடம் பதில் இருப்பதில்லை. இந்தத் தீர்ப்பு எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதற்கு முன், அந்த வீட்டுக்குள் மின்சாரம் எந்த வழியாக, எதன்பொருட்டு நுழைந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. ஒரு வீட்டின் தேவை இவ்வளவுதான் என்று யார், எப்போது அளந்தார்கள் என்ற கேள்வி அதனுள் ஒளிந்திருக்கிறது.

வெளிச்சத்தை வீட்டின் தகுதிக்கேற்ப அளந்து கொடுப்பது நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் மழைக்கால மாலையொன்றில் ஊர்ப் பெண்கள் இரும்பு விளக்கில் எண்ணெய்த் திரியைக் கொளுத்துகிறார்கள். அதே பாட்டில் அரண்மனையில் யவனர் செய்த பாவை விளக்கு எரிகிறது. இருள் எல்லோருக்கும் ஒன்றாகவே வருகிறது. விளக்குத்தான் வேறுவேறு.

மின்சாரமும் நம்மிடம் முதலில் வீட்டு விளக்காக வரவில்லை. 1895-இல் சென்னைத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே அது முதலாவது. பின்னர் வந்த மதராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் அரசு அலுவலகங்களுக்கும் வணிக வீதிகளுக்கும் செல்வந்தர் மாளிகைகளுக்கும் விளக்கேற்றியது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது அதன் கம்பிகள் மலையிறங்கிக் கோவைப் பஞ்சாலைகளை நோக்கிச் சென்றன. பின்னர் மேட்டூரும் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. கொங்குச் சீமையில் கமலை கட்டி மாடுகள் இறைத்த ஆழ்கிணறுகளில் மோட்டார்கள் அமர்ந்தன. காமராசர் ஆட்சிக் காலத்தில், 1957-இல் மின்வாரியம் அமைந்தது. கம்பிகள் சிற்றூர்களை நோக்கி விரைந்தன. அப்போதும் அவை முதலில் தேடிச் சென்றது கிணற்றைத்தான். கிணறு உள்ளவன் வீட்டுக்கு விளக்கு கூடவே வந்தது. கிணறு இல்லாதவன் தெருவிளக்கோடு நின்றுகொண்டான்.

இதை அரசுக் கணக்கே ஒப்புக்கொள்கிறது. 1997 வரை இந்திய அரசின் இலக்கணப்படி, ஓர் ஊரின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காகவேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற ஊர். ஒரேயொரு பம்புசெட் போதும். 2004-இல்தான் நூற்றுக்குப் பத்து வீடுகளிலாவது விளக்கெரிய வேண்டும் என்று அந்த இலக்கணம் திருத்தப்பட்டது. தமிழகத்தில் ஊரின் மின்மயமும் ஆதிதிராவிடர் குடியிருப்பின் மின்மயமும் தனித்தனியாகக் கணக்கிடப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஊருக்கு வந்த கம்பி, சேரிக்கு வருவதற்கு இன்னொரு திட்டமும் இன்னோர் ஆண்டும் வேண்டியிருந்தன.

மின்கட்டணம் பற்றிய நமது பெரும் போராட்டமும் கிணற்றடியில்தான் பிறந்தது. 1970-இல் கோவை வட்டாரத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசாவைக் குறைக்கக் கோரி, நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் திரண்டனர். 1972-இல் மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரையே அடைத்தனர். துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் போயின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் கிடைத்ததற்கு அந்த ஒரு பைசாவே விதை. நிலமும் கிணறும் சங்கமும் உள்ளவர்களால் கேட்டுப் பெற முடிந்தது. நிலமற்றவர் வீட்டுக்கு யார் கேட்பது?

இந்த இடத்தில்தான் நம் தலைப்பில் உள்ள நாற்பது வாட் வருகிறது. 1979-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய குடிசை மின்னிணைப்புத் திட்டம், ஒரு குடிசைக்கு ஒரு விளக்கு என்றது. அந்த விளக்கு 40 வாட்டுக்கு மேற்படக்கூடாது. மீட்டர் கிடையாது, கட்டணத்தை அரசே வாரியத்துக்கு ஈடுசெய்யும். எளிய திட்டம், ஏராளமான வீடுகளில் சிம்னி விளக்கின் புகையை ஒழித்த திட்டம். குழந்தைகள் படித்தார்கள். சோற்றில் விழுந்த பூச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல.

ஆயினும் அந்த 40 வாட் ஒரு வரையறையும் ஆகும். மாலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை அந்தக் குண்டு பல்பு எரிந்தால் இரண்டு மாதத்தில் 12 யூனிட் ஆகிறது. ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இவ்வளவு வெளிச்சம் போதும் என்று ஓர் அரசு எண்ணால் எழுதி வைத்தது. வெளிச்சம் உண்டு, காற்று இல்லை. இரவு உண்டு, பகல் இல்லை. வீட்டினுள் இன்னொரு ப்ளக் பாயின்ட் இருந்தால் அது விதிமீறல்.

பின்வந்த வரலாறு அந்த எண் ஒவ்வொரு தேர்தலிலும் நெகிழ்ந்து கொடுத்த வரலாறு. 2006-இல் கலைஞர் ஆட்சி இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. குடிசைக்கான கட்டண விதியில் விளக்கோடு 70 வாட் தொலைக்காட்சியும் ஏறியது. 2011-இல் ஜெயலலிதா ஆட்சி மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் கொடுத்தது. அவையும் விதிக்குள் வந்தன. மின்கட்டண ஆணைகளைப் புரட்டிப் பார்த்தால் குடிசை என்பதற்கு 250 சதுர அடி, மண்சுவர் என்று வரையறை தந்து, அதனுள் எரியத்தக்கவை எவை என்ற பட்டியல் இப்படி நீண்டுகொண்டு போவதைக் காணலாம். ஏழையின் தேவை வளரவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருந்தது. அரசு கொடுத்த பொருள் வீட்டுக்குள் வந்த பிறகே அந்தத் தேவைக்கு ஏட்டில் இடம் கிடைத்தது.

இனி, கூண்டில் நிற்கும் கைப்பேசிக்கு வருவோம். 'சார்ஜ் போடுவது' என்று நாம் சொல்கிறோம். உலை போடுவது, தீனி போடுவது போல அன்றாடக் கடமைகளின் வரிசையில் தமிழ் அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. மின்னேற்றம் என்ற நல்ல சொல் பாடநூலோடு நின்றுவிட்டது. டார்ச்சின் கட்டைகளை ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாளைக்கு உயிர் வாங்கிய தலைமுறைக்கு இந்தக் கடமை புதிதும் அல்ல.

அதன் கணக்கு இது: 5,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலம் ஒன்றை முழுதும் நிரப்ப, வெப்பமாக வீணாவதையும் சேர்த்து, ஏறத்தாழ 25 வாட் மணி போதும். ஒரு யூனிட்டில் நாற்பது முறை நிரப்பலாம். நாள்தோறும் ஒருமுறை என்றால் இரண்டு மாதத்தில் ஒன்றரை யூனிட். வீட்டில் நான்கு பேரிடமும் கைப்பேசி இருந்தால் ஆறு யூனிட், அதாவது அந்தப் பழைய குடிசை விளக்கில் பாதி. குளியலறையில் 2,000 வாட் கீசர் அன்றாடம் அரைமணி நேரம் எரிந்தால் 60 யூனிட். ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், இரவுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 480 யூனிட். குற்றவாளி சுவரில் உயரமாக அமர்ந்திருக்கிறான். தண்டனை தரையில் கிடக்கும் சார்ஜருக்கு.

அந்த ஆறு யூனிட்டுக்கும் வேளை வருவதுண்டு. 2016 மே மாதம் வீடுகளுக்கு இருமாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்ற ஆணை வந்தது. எட்டு ஆண்டுகளாக உயராதிருந்த கட்டணம் 2022 செப்டம்பர் 10 அன்று உயர்ந்தபோது, 500 யூனிட் என்ற எல்லை கூர்மையாயிற்று. அன்றைய விகிதப்படி 498 யூனிட்டுக்கு 1,713 ரூபாய். 504 யூனிட்டுக்கு 1,982 ரூபாய். ஆறு யூனிட்டுக்கு 269 ரூபாய் கூடுதல். எல்லையைத் தாண்டியவருக்குக் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் பறிபோவதே காரணம். மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் முறித்தது இறகா, அதற்குமுன் ஏற்றிய பாரமா என்பதை வீட்டு விசாரணையில் யாரும் கேட்பதில்லை.

யூனிட் என்பது செலவை அளக்கும் கோல். தேவையை அதனால் அளக்க முடியாது. மின்சாரம் நின்ற காலங்களே இதை நமக்குக் கற்பித்தன. 2008-இல் தொடங்கி 2012-இல் உச்சமடைந்த மின்வெட்டில், சென்னைக்கு இரண்டு மணி நேரமும் மாவட்டங்களுக்கு நாளின் பாதிக்கும் மேலாகவும் இருள் பங்கிடப்பட்டது. கரண்ட் வந்த கணத்தில் மக்கள் ஓடியது மோட்டார் சுவிட்சுக்கும் மாவரைக்கவும் சார்ஜ் போடவும்தான். 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபின், டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கில்லை. வாடகை ஜெனரேட்டர் வந்த இடங்களில் குடிநீருக்கு அடுத்தபடியாக மக்கள் வரிசையில் நின்றது, உயிரோடிருக்கிறோம் என்று வெளியூரில் உள்ளவர்களுக்குச் சொல்லும் அந்த 25 வாட் மணிக்காகவே.

கடலுக்கு அப்பால் இதைவிடக் கடுமையான பாடம் நடந்திருக்கிறது. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. மாணவர்கள் சிறிதளவு எண்ணெயில் எரியும் ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். மாலையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த சொற்ப மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். எந்த மீட்டரிலும் பதிவாகாத அந்த மின்சாரத்தை விடத் தேவையான மின்சாரம் வேறு இருந்திருக்காது.

இன்று ஒரு குடிசையின் தேவையைப் புதிதாக எழுதச் சொன்னால் நாம் எதை முதலில் எழுதுவோம்? 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் போயிற்று. வங்கியில் கூலி ஏறிய செய்தியும், எந்த விண்ணப்பத்துக்கும் கேட்கப்படும் ரகசிய எண்ணும் அதில்தான் வருகின்றன. மிகக் குறைந்த யூனிட்டில் மிக அதிகமான வாழ்க்கை அதில் அடங்கியிருக்கிறது. இருந்தும் சலுகைகள் எல்லா வீட்டையும் எட்டவில்லை. நகரத்து ஒண்டுக் குடித்தனங்களில் பலருக்கு வாரியத்தின் மீட்டரே கிடையாது. வீட்டுக்காரர் மாட்டிய துணை மீட்டரும் அவர் சொல்லும் விலையும்தான். இலவச 100 யூனிட் அரசாணையில் புறப்பட்டு வீட்டுக்காரரின் வாசலோடு நின்றுவிடுகிறது. கிணற்றோடு நின்றுவிட்ட அந்தக் கம்பியைப் போல.

அத்தகைய வீட்டிலும் இரண்டு மாதத்துக்கொருமுறை விசாரணை நடக்கும். அங்கேயும் பிள்ளையின் கைப்பேசிதான் கூண்டில் நிற்கும். அதை விடுவித்துவிடலாம். யூனிட்டுக்கு இந்த விலையை வைத்தது யார் என்பதுதான் அங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி.