சுருதிக்கு ஏஒய், கமகத்துக்கு சிட்

வீட்டிலேயே மின்னணு இசைக்கருவி செய்ய இறங்குகிறவர்கள் தேடிப்போகும் பழைய ஐசிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த ஏஒய்-3-8910. யமஹா உரிமம் பெற்றுச் செய்த ஒய்எம்2149 ஏறக்குறைய அதேதான். மற்றது, 1982-ல் வந்த கமடோர் 64 கணினிக்காக பாப் யான்ஸ் வடிவமைத்த சிட் 6581. இரண்டிலும் மூன்று குரல்கள், இரண்டும் வீடியோ கேம் சத்தத்தால் பேர் வாங்கியவை. ஒப்பிடுகிறவர்களும் பெரும்பாலும் விளையாட்டு இசையை வைத்தே ஒப்பிட்டு, சிட் உயர்ந்தது, ஏஒய் மட்டம் என்று முடித்துவிடுகிறார்கள். நம் சங்கீதத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் தீர்ப்பு அப்படி வராது.

ஏஒய் சுரம் எழுப்பும் விதம் எளிது. உள்ளே வரும் துடிப்பை 16-ஆல் வகுத்து, பிறகு நாம் கொடுக்கும் எண்ணால் மறுபடி வகுக்கும். எண் பெரிதானால் சுரம் இறங்கும், சிறிதானால் ஏறும். துடிப்பு 1.6 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டு 720 என்ற எண்ணைக் கொடுத்தால் 138.9 ஹெர்ட்ஸ் வரும். அது ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை ஷட்ஜம். அங்கிருந்து 640, 576, 540, 480, 432, 384, 360 என்று இறங்கிவந்தால் சங்கராபரணம் முழுதும் கிடைக்கிறது. ரிஷபம் 9/8, காந்தாரம் 5/4, மத்யமம் 4/3, பஞ்சமம் 3/2, தைவதம் 5/3, நிஷாதம் 15/8. ஒன்றில்கூடத் தசமம் இல்லை, தோராயம் இல்லை. இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பியானோவின் சம இடைவெளி அட்டவணைதான் இருக்கும். அதைத் தூக்கிவிட்டு இந்த எட்டு எண்களைப் போட்டுக் கேட்டால் பஞ்சமம் ஷட்ஜத்தோடு அலையடிக்காமல் ஒட்டிக்கொள்வது காதுக்கே தெரியும். துடிப்பை 2 மெகாஹெர்ட்ஸாக மாற்றினால் எண்கள் அப்படியே இருக்க, கருவி நாலு கட்டைக்குப் போய்விடும். ஆர்டுயினோ பலகையின் 16 மெகாஹெர்ட்ஸை 10-ஆல் வகுத்தால் முதலாவது, 8-ஆல் வகுத்தால் இரண்டாவது.

இந்த விகிதங்கள் சிட்டிலும் வரும். 24, 27, 30, 32, 36, 40, 45, 48 என்ற எண்களை ஒரே எண்ணால் பெருக்கிக் கொடுத்தால் போதும். சுத்தமான சுரம் என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் சுருதிப் பெட்டிக்கு வேறொன்றும் வேண்டும். ஏஒய்யில் மூன்று குரலுக்கும் மூன்று தனிக் கால்கள். ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்யூம் குமிழ் வைக்கலாம், பாடுகிறவர் தமக்கு வேண்டிய அளவில் கலந்துகொள்ளலாம். சிட்டில் மூன்றும் உள்ளேயே கலந்து ஒரே கால் வழியாக வெளியே வரும். 1979-ல் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணு சுருதிப் பெட்டியைச் செய்தார். அதற்குப் பிறகு அது நம் மேடைகளுக்குப் பழகிப்போன கருவியாகிவிட்டது. அப்படி ஒன்றை வீட்டில் செய்துபார்க்க ஏஒய்யை விடப் பொருத்தமான பழைய ஐசி எனக்குத் தெரியவில்லை.

பாட்டை வாசிக்க ஆரம்பித்ததும் நிலைமை தலைகீழாகிறது. மேல் ஷட்ஜத்திலிருந்து அடுத்த ரிஷபத்துக்கு இழைய வேண்டும் என்று வையுங்கள். ஏஒய்யில் அது 360-லிருந்து 320 வரை, 40 படிகள். இன்னும் ஒரு ஸ்தாயி ஏறினால் 20 படிகள்தான். அங்கே கமகம் இழையாது, ஏணியில் ஏறுவதுபோல் தடக்தடக்கென்று கேட்கும். சிட்டின் சுர எண் 16 பிட். ஒரு மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் ஒரு படி என்பது 0.06 ஹெர்ட்ஸுக்கும் சற்றுக் குறைவு. அதே மேல் ஷட்ஜத்திலிருந்து ரிஷபம் வரை சுமார் 580 படிகள், அதற்கடுத்த ஸ்தாயியில் அதன் இரட்டிப்பு. காம்போதியின் இழைப்பை நம்பிக் கொடுக்கலாம். மந்த்ர ஸ்தாயியில் மட்டும் ஒரு வியப்பு: ஏஒய்க்கு 160 படிகள், சிட்டுக்கு ஏறக்குறைய 146. கீழே போகப்போக மலிவான ஐசிதான் நுணுக்கமானது.

1984-85-ல் மத்திய அரசின் கிளாஸ் திட்டம் வழியாக நம் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினியிலும் ஒரு ஒலி ஐசி இருந்தது, எஸ்என்76489. அதன் சுர எண் 10 பிட்தான். அந்தக் கணினியில் சுமார் 122 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. மந்த்ர ஷட்ஜமே இல்லாத கருவி நமக்கு ஆகாது.

நாதத்தின் குணத்தில் சிட் வெகுதூரம் முன்னால் நிற்கிறது. அன்றைய ஒலி ஐசிகளை இசை தெரியாதவர்கள் செய்திருக்கிறார்கள் என்பது யான்ஸின் மனக்குறை. அதனால் ஒவ்வொரு குரலுக்கும் தனியாக ஒலியளவின் எழுச்சி, தணிவு, நிலை, அடக்கம் வைத்தார். ரம்ப அலை, முக்கோண அலை, அகலம் மாற்றக்கூடிய துடிப்பு அலை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரு அனலாக் ஃபில்டர். மீட்டிய தந்தி மெல்லத் தேய்வது சிட்டில் தானாக நடக்கும். ஏஒய்யில் மூன்று குரலுக்கும் சேர்த்து ஒரே ஒரு எழுச்சி-தணிவு வடிவம். தனித்தனியே வேண்டுமானால் நிரலில் ஒலியளவை 16 நிலைகளில் நாமே குறைத்துக்கொண்டு போக வேண்டும். அலையும் சமச் சதுர அலை மட்டுமே. துடிப்பு அகலத்தையும் ஃபில்டரையும் மெதுவாக அசைத்தால் தம்புராவின் ரீங்காரத்துக்குக் கொஞ்சமாவது அருகில் சிட்டால் வர முடியும். ஏஒய் நாகஸ்வர ஒத்துபோல் நின்ற இடத்தில் நிற்கும்.

அப்படியானால் சிட்டையே வாங்கிவிடலாமே என்றால், கிடைப்பதில்தான் சிக்கல். உதாரணத்துக்கு, கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் சால்டரிங் அயர்ன் இருக்கும் வீடு அதிசயமில்லை. அணுமின் நிலையமும் ஆராய்ச்சி மையமும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் உதிரிபாகத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஆர்டுயினோ, கிரிஸ்டல், ஐசி பேஸ், எல்எம்386 எல்லாம் வாங்கலாம். ஒலி ஐசி என்று கேட்டால் பொம்மைக்குள் ஒரே மெட்டைப் பாடும் மூன்று கால் யுஎம்66-ஐ எடுத்துக் கொடுப்பார்கள். ஒய்எம்2149-ஐ ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். பெரும்பாலும் பழைய பலகைகளிலிருந்து கழற்றியது, மேலே சுரண்டிப் புது எழுத்து அச்சடித்ததும் கலந்திருக்கும். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்து எழுத்து கரைகிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கு மூன்றாக வாங்குவதே பாதுகாப்பு, அப்படி வாங்கக் கட்டுப்படியாகும் விலைதான்.

சிட் அப்படியில்லை. கமடோர் 1994-ல் திவாலானது, அதன் பிறகு புது சிட் இல்லை. மிச்சமிருப்பதற்கு விலை ஏறிக்கொண்டே போகிறது, செத்த ஐசியை நல்லதென்று விற்பதும் நடக்கிறது. 6581-க்கு 12 வோல்ட், பின்னால் வந்த 8580-க்கு 9 வோல்ட், இரண்டுக்கும் கூடவே 5 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் ஐசி போய்விடும். ஃபில்டர் மின்தேக்கிகளும் வேறு: முன்னதற்கு 470 பிகோஃபாரட், பின்னதற்கு 22 நானோஃபாரட். 6581 நன்றாகச் சூடாகும், நம் கடற்கரை மே மாதத்தில் ஹீட் சிங்க் ஒட்டாமல் ஓட்டக்கூடாது. ஒரு 6581-இன் ஃபில்டர் இன்னொன்றைப்போல் ஒலிக்காது என்பதால், இன்று சரிசெய்து வைத்த நாதம் நாளை மாற்று ஐசியில் கிடைக்காது. ஏஒய்க்கு மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் போதும்.

பழம்பொருள் சேகரிப்பு நோக்கமில்லை, வாசிக்கத்தான் வேண்டும் என்றால் அசல் சிட்டைத் துரத்தாதீர்கள். ஆர்ம்சிட், எஃப்பிஜிஏசிட் போன்ற புது மாற்றுகள் அதே 28 கால் பேஸில் உட்காரும், கமகத்துக்கான அந்த 16 பிட் நுணுக்கமும் அவற்றில் இருக்கிறது. முதலில் ஒரு ஒய்எம்2149-ஐ வைத்துச் சுருதிப் பெட்டியை முடியுங்கள். அதிலுள்ள இரண்டு போர்ட்டுகளில் 16 பொத்தான்கள்வரை சேர்க்கலாம், கட்டை மாற்றவும் மத்யம சுருதிக்குத் தாவவும் அது தாராளம். எதை வாங்கினாலும் பேஸ் மட்டும் மலிவானது வேண்டாம். உப்புக்காற்றில் அதன் தகடுகள் கறுத்து, கால் தொட்டும் தொடாமலும் ஒரு குரல் திடீரென்று நின்றுபோகும். கடைந்தெடுத்த கால்துளையுள்ள, தங்கப் பூச்சு பேஸ் என்று கேட்டு வாங்குங்கள்.