கிறித்தவ நோக்கில் அறிவியல் புனைகதைகளின் கதைப்பின்னல் (1951 – 1962)

முன்னுரை

இன்னும் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு அதன் விளைவுகளை ஆராய்வது அறிவியல் புனைகதையின் இயல்பு. சமயமோ முன்னரே வெளிப்படுத்தப்பட்ட உண்மை மாறாதது எனக் கொள்வது. இவ்விரண்டும் ஒரு சிறிய கதைக்குள் பொருந்துவது அரிது எனத் தோன்றலாம். எனினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஆங்கிலத்தில் கிறித்தவக் கோட்பாட்டையே கதைச்சிக்கலாகக் கொண்ட அறிவியல் கதைகள் பல தோன்றின. அவற்றுள் நான்கினை எடுத்துக்கொண்டு, அவற்றின் கதைப்பின்னல் அமைந்த முறையை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

காலப் பின்னணி

1945இல் ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டு அறிவியலின் மீதான ஐயத்தை வளர்த்தது. 1957இல் ஏவப்பட்ட ஸ்புட்னிக் விண்வெளியை மனிதனுக்கு அண்மையதாக்கியது. பிற உலகங்களில் பகுத்தறிவுடைய உயிர்கள் உளவா, அவை பாவத்தில் வீழ்ந்தனவா, வீழ்ந்திருப்பின் அவற்றுக்குரிய மீட்பு யாது என்னும் வினாக்களைச் சி.எஸ். லூயிஸ் 1958இல் கட்டுரை வடிவில் அடுக்கி எழுப்பினார். புனைகதையாசிரியர்கள் இவ்வகை வினாக்களை அதற்கு முன்பே கதைகளாக்கத் தொடங்கியிருந்தனர்.

நான்கு கதைகள்

கத்தோலிக்கரான ஆன்டனி பௌச்சர் எழுதிய 'தி குவெஸ்ட் ஃபார் செயின்ட் அக்வின்' 1951இல் வெளிவந்தது. திருச்சபை தலைமறைவாக இயங்கும் எதிர்காலத்தில், அழியாத உடலுடன் விளங்குவதாகக் கூறப்படும் புனிதரைத் தேடித் தாமஸ் என்னும் குருவைத் திருத்தந்தை அனுப்புகிறார். அவர் ஏறிச்செல்லும் இயந்திரக் கழுதை வழிநெடுக அவரைச் சோதிக்கிறது. தேடிக் கண்ட புனிதரோ ஓர் இயந்திர மனிதன். பிழையற்ற தருக்கத்தால் இறைவன் உளன் என்னும் முடிவுக்கு வந்தவன். இவ்வுண்மையை மறைத்தால் மக்கள் மனம் மாறுவர் எனக் கழுதை தூண்டுகிறது. பொய்யின் மீது நம்பிக்கையைக் கட்ட இயலாது எனத் தாமஸ் மறுக்கிறார்.

ஜேம்ஸ் பிளிஷின் 'எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்' 1953இல் குறுநாவலாக வெளிவந்து, 1958இல் நாவலாக விரிவுபெற்றது. இதில் வரும் இயேசு சபைக் குரு ஓர் உயிரியலாளர். லித்தியா என்னும் கோளில் சமயமே இல்லாமல் குற்றமற்ற ஒழுக்கத்துடன் வாழும் உயிர்களை அவர் காண்கிறார். அக்கோள் சாத்தானின் படைப்பு என முடிவு செய்கிறார். ஆனால் சாத்தானுக்குப் படைக்கும் ஆற்றல் உண்டு என்பது திருச்சபை விலக்கிய கொள்கை. ஆகவே, தம் முடிவினாலேயே அவர் தவறிய கொள்கையாளர் ஆகிறார்.

ஆர்தர் சி. கிளார்க்கின் 'தி ஸ்டார்' 1955இல் வெளிவந்து, 1956இல் ஹியூகோ விருது பெற்றது. வெடித்த விண்மீனொன்றின் எச்சங்களை ஆராயும் இயேசு சபை வானியலாளர், அவ்வெடிப்பில் அழிந்த உயரிய நாகரிகம் ஒன்றின் சின்னங்களைக் காண்கிறார். அவ்வெடிப்பின் ஒளியே பெத்லகேமில் தோன்றிய விண்மீன் எனக் கணக்கீடு காட்டுகிறது. கதை அவருடைய விடையற்ற வினாவில் முடிகிறது.

ஹாரி ஹாரிசனின் 'தி ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் அஷ்கெலான்' 1962இல் வெளிவந்தது. அயற்கோள் மக்களுக்கு நற்செய்தி கூறச் சென்ற குருவின் போதனையை அவர்கள் சோதனை முறையில் மெய்ப்பிக்க விழைந்து, அவரையே சிலுவையில் அறைகின்றனர். அவர் உயிர்த்தெழவில்லை, பாவம் அறியாதிருந்த மக்கள் கொலையாளிகளாகின்றனர்.

கதைப்பின்னலின் பொதுக்கூறுகள்

இந்நான்கு கதைகளிலும் மூன்று கூறுகள் பொதுவாக உள்ளன. முதலாவது, தலைமைப் பாத்திரமோ பாதிக்கப்படும் பாத்திரமோ ஒரு குரு. இரண்டாவது, கதையில் வெளிப்படும் அறிவியல் உண்மை, குறிப்பிட்ட ஒரு கோட்பாட்டை நேரடியாகத் தாக்குகிறது. மூன்றாவது, அவ்வுண்மையை ஏற்பதற்கு நம்பிக்கையாளர் ஒரு விலை கொடுக்க நேர்கிறது. பாத்திரத்தின் குருத்துவத்தை நீக்கிவிட்டால் கதையே இல்லாதுபோகும். இங்குச் சமயம் கதையின் அணியன்று. கதையை நகர்த்தும் விசை எனலாம்.

நால்வருள் பௌச்சர் ஒருவரே திருச்சபையைச் சார்ந்த நம்பிக்கையாளர். பிளிஷ் தம்மை அறியொணாவாதியாகக் கருதியவர். கிளார்க்கும் ஹாரிசனும் நாத்திகர்கள். ஆகவே, கிறித்தவ நோக்கு என்பதை ஆசிரியரின் சமயச் சார்பு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கதை எழுப்பும் வினா கிறித்தவ இறையியலுக்குள் நின்று எழுப்பப்படுகிறதா என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

முடிவுரை

நம்பிக்கையாளர் ஒருவர் இவ்வகைக் கதை எழுதும்போது, தம் சமயம் இறுதியில் வெல்லுமாறு நிகழ்ச்சிகளை அமைக்கும் விருப்பம் எழுவது இயல்பே. பௌச்சரின் கதையில் இயந்திரக் கழுதை கூறும் அறிவுரையும் அதுவே: பயன் நல்லதாயின் உண்மையை வளைக்கலாம் என்பது. அவ்வறிவுரையைத் தாமஸ் மறுத்தது போலவே அவரைப் படைத்த ஆசிரியரும் மறுத்துள்ளார். நம்பிக்கைக்குச் சாதகமான உண்மையைக் கதைக்குள் வைத்தும், அதனைக் கொண்டு எளிய வெற்றியை அவர் அளிக்கவில்லை. நாத்திகர் எழுதிய கதைகளுக்கு நிகராக அவர் கதை நிற்பதற்கு இந்நேர்மையே காரணம் என்பது இவ்வாய்வின் முடிபாகும்.