சர்ப்பகந்தியும் குளிசையும்: உயர் குருதியமுக்க மருத்துவ வரலாறு பற்றிய ஒரு நோக்கு

துன்பம் எதனையும் உணராத ஒருவர் நாள்தோறும் மருந்துண்ணும் வழக்கம் மனித வரலாற்றிலே மிக அண்மைக் காலத்தது. காய்ச்சலுக்கும் வலிக்கும் மருந்து தேடிய மனிதன், கருவியொன்று காட்டும் எண்ணை நம்பி ஆயுள் முழுவதும் குளிசை விழுங்கச் சம்மதித்தமை சாதாரண மாற்றமன்று. உயர் குருதியமுக்கத்துக்கான மருத்துவத்தின் வரலாறு இம்மாற்றத்தின் வரலாறே எனலாம்.

முதலில் எண் வேண்டியிருந்தது. ஸ்ரீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கில மதகுரு, குதிரையொன்றின் நாடியிலே குழாய் செருகியபோது குருதி எட்டு அடிக்கு மேல் எழுந்தமையை 1733 இல் எழுதி வெளியிட்டார். மனிதரிடம் இம்முறை செல்லாது என்பது வெளிப்படை. 1896 இல் இத்தாலியரான றிவா-றொச்சி புயத்திற் கட்டும் காற்றுப்பட்டியை அமைத்தார். 1905 இல் றஷ்ய வைத்தியரான கொறொற்கொவ், பட்டிக்குக் கீழே நாடியின் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கண்டார். அதன் பின்னர் எந்த வைத்தியரும் சில நிமிடங்களில் எண்ணைப் பெறக்கூடியதாயிற்று.

ஆயின் எண் கிடைத்தும் மருந்து கிடைக்கவில்லை. மருந்து வேண்டுமென்ற எண்ணமும் பலரிடம் இருக்கவில்லை. ஒடுங்கிய குழாய்களினூடே குருதியைச் செலுத்த உயர்ந்த அமுக்கம் அவசியம், அதனைக் குறைப்பது தீங்காகலாம் என்பதே 1930களில் மருத்துவ அறிஞர் பலரின் கருத்து. இக்கருத்தின் விலையைப் பிராங்ளின் றூஸ்வெல்றின் வாழ்விற் காணலாம். 1944 மார்ச்சில் இதய வைத்தியர் அவரைப் பரிசோதித்தபோது அமுக்கம் 186/108 ஆக இருந்தது. ஓய்வும், உப்புக் குறைந்த உணவும், இதயத்துக்கான டிஜிற்றாலிஸுமே அவருக்கு வழங்கப்பட்டன. 1945 ஏப்பிரல் 12 ஆந் திகதி கடுந் தலைவலி கண்டு, 300/190 என்ற அளவோடு, 63 வயதில் மூளைக் குருதிப்பெருக்கினால் அவர் மாண்டார். உலகின் வலிமைமிக்க நாட்டின் தலைவருக்கும் அன்று அதற்குமேல் வழியிருக்கவில்லை. நரம்புகளை வெட்டும் சத்திரசிகிச்சையும், சோறும் பழமும் சீனியும் மாத்திரம் கொண்ட கெம்ப்னரின் உணவு முறையுமே அக்காலத்து ஏனைய வழிகள். (உப்பும் கறியுமற்ற சோற்றை மாதக்கணக்கில் உண்பதென்பது சோறுண்டு பழகிய நமக்கும் தண்டனையே.)

இந்நிலையிலேயே இந்திய வேரொன்று அரங்கிற்கு வருகின்றது. சர்ப்பகந்தி எனப்படும் அச்செடிக்கு மேனாட்டுத் தாவரவியலாளர் இட்ட பெயர் றோவுல்பியா சேர்ப்பென்ரினா. பதினாறாம் நூற்றாண்டு ஜேர்மன் வைத்தியர் றோவுல்பின் பெயர் அது. அவரோ மேற்காசியா வரை பயணஞ் செய்தவரேயன்றி இந்தியாவை எட்டியவரல்லர். 1931 இல் தில்லியிலே சித்தீக்கி சகோதரர் இவ்வேரிலிருந்து அல்கலோயிட்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலீன் எனப் பெயரிட்டனர். அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் இவ்வேர் சித்தப்பிரமைக்கும் உயர் குருதியமுக்கத்துக்கும் பயன்படுமெனக் கட்டுரை வரைந்தனர்.

உலகம் அதனைக் கவனிக்கப் பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 1949 இல் பம்பாய் வைத்தியர் றுஸ்தம் ஜால் வக்கீல், ஐம்பது நோயாளரிடம் கண்ட பயனைப் பிரித்தானிய இதயவியற் சஞ்சிகையில் வெளியிட்ட பின்னரே பொஸ்ரன் நகரத்து வில்கின்ஸ் அதனைச் சோதிக்கத் தொடங்கினார். 1952 இல் பாசலிலுள்ள சீபா நிறுவனத்தார் றெசேப்பீன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, சேர்ப்பசில் என விற்றனர். அறிவு எங்கே தோன்றிற்று என்பதிலும் பார்க்க எங்கே அச்சாயிற்று என்பதே மதிப்பைத் தீர்மானித்தது என இங்கு எண்ணத் தோன்றுகின்றது. எனினும் நம் முன்னோர் குருதியமுக்க மருந்தை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவோரின் கூற்றை ஏற்றல் இயலாது. அவர்கள் அவ்வேரைப் பித்துக்கும் பாம்புக்கடிக்கும் உறக்கமின்மைக்கும் வழங்கினர். அளக்கப்படாத அமுக்கத்துக்கு மருந்திருந்தது என்பது பொருந்தாத வாதம்.

றெசேப்பீன் மூக்கடைப்பையும் சிலரிடத்து ஆழ்ந்த மனச்சோர்வையும் விளைத்தது. 1950களின் இறுதியிற் சிறுநீரைப் பெருக்கும் தயசைட்டுக் குளிசைகள் வந்தன. ஆயினும், நோயறிகுறியற்றவருக்கு இவற்றால் ஆயுள் நீளுமா என்ற வினா எஞ்சியே நின்றது. விடை அளித்தவர் எட்வேட் பிறைஸ். ஐக்கிய அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் விரியமுக்கம் 115 முதல் 129 வரை கொண்ட 143 ஆடவரில், 73 பேருக்குத் தயசைட்டு, றெசேப்பீன், ஹைட்றலசீன் ஆகிய மூன்றும், 70 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. போலிக் குளிசை உண்டோரில் 27 பேர் கடுங் கேட்டுக்குள்ளாயினர், நால்வர் இறந்தனர். மருந்துண்டோரிற் கேடுற்றவர் இருவரே, இறந்தவர் எவருமில்லை. 1967 இல் இம்முடிவு வெளிவந்தபின், அமுக்கத்தைக் குறைப்பது தீங்கென்ற வாதம் எடுபடவில்லை.

வெற்றி பெற்ற அக்கூட்டில் இடம்பெற்ற றெசேப்பீன் பின்னர் மெல்ல ஒதுக்கப்பட்டது. 1974 இல் மார்பகப் புற்றுநோயோடு அதனைத் தொடர்புபடுத்திய ஆய்வுகள், பிற்கால ஆய்வுகளால் உறுதிப்படாதபோதும், அதன் பெயரைக் கெடுத்தன. அதற்குள் ஜேம்ஸ் பிளாக்கின் புறொப்பிறனலோலும், 1981 இல் பிறேசில் நாட்டுப் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் வழி உருவான கப்ரொபிறிலும் வந்து சேர்ந்தன. பாம்பின் பெயர் கொண்ட வேருக்குப் பதிலாகப் பாம்பின் நஞ்சே வழிகாட்டியமை வேடிக்கையான பொருத்தம்.

ஆயுள் முழுவதும் உண்ணவேண்டிய மருந்தெனில், அதனை வாங்குவார் யார் என்ற வினா ஏழை நாடுகளிலே தவிர்க்கமுடியாதது. இலங்கையில் அதனை எழுப்பியவர், பேராதனை மருத்துவ பீடாதிபதியாய் விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரான அவர், ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளின் இறக்குமதியை ஏறத்தாழ 600 ஆகக் குறைத்து, வர்த்தகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை வழக்கில் நிறுத்த முனைந்தார். கம்பனிகளின் எதிர்ப்பையும் பெற்றார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை 1977 இல் வெளியிட்டது. தயசைட்டும் புறொப்பிறனலோலும் அதில் இடம்பெற்றன. அதே ஆண்டிலே பிபிலே கயானாவிற் காலமானார்.