கேள்வி நேரம் – 9: கோப்பில் இல்லாத பேச்சு

சென்ற வாரம் 155 ஜீப்புகளைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தோம். காஷ்மீர்ப் போருக்காக 1948இல் லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியாகப் போடப்பட்ட ஒப்பந்தம் அது. கேட்டது 2,000 ஜீப்புகள். வந்தவை 155. ராணுவத்தார் சுற்றிப் பார்த்துவிட்டு உதவாது என்று கையை விரித்தார்கள்.

அந்தக் கதையின் முடிவை இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். முடிவு மிகச் சிறியது. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டும் என்றது. அரசு கேட்கவில்லை. 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் எழுந்து, அரசைப் பொறுத்தவரை விவகாரம் முடிந்தது, திருப்தி இல்லாத எதிர்க்கட்சியினர் இதைத் தேர்தல் பிரச்சினையாக்கிக் கொள்ளலாம் என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த பிப்ரவரியில் கிருஷ்ண மேனன் இலாகா இல்லாத மந்திரி. 1957இல் பாதுகாப்பு மந்திரி. அவ்வளவுதான்.

ஆனால் இரண்டு விஷயங்கள் மிச்சமிருந்தன. விசாரணை கேட்டுத் தோற்ற அந்த அனந்தசயனம் அய்யங்கார் 1956 முதல் மக்களவையின் சபாநாயகர். எந்தக் கேள்வியை அனுமதிப்பது, எதைத் தள்ளுவது என்பது இப்போது அவர் கையில். இன்னொன்று, அவையின் பின்வரிசை உறுப்பினர்கள் ஒரு பாடம் கற்றிருந்தார்கள். விஷயம் வெளிநாட்டோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் மந்திரிகள் அதைப் பேசியே கரைத்துவிடலாம். நேருவே வெளியுறவு மந்திரி. ஒரு துணைக் கேள்விக்குப் பதிலாக உலக வரலாற்றில் பாதியைச் சொல்லிவிடுவார், கேட்டவருக்குத் தான் கேட்டது மறந்துபோகும். கணக்கு அப்படியல்ல. அதில் ஒரு தேதி இருக்கும், ஒரு தொகை இருக்கும், யாரோ ஒருவர் கையெழுத்து இருக்கும்.

அல்லது, கையெழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும்.

1957 செப்டம்பர் 4. பீகாரைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் ராம் சுபக் சிங் பெயரில் ஒரு கேள்வி. (பின்னாளில், 1969இல், மக்களவையில் முறைப்படி அங்கீகரிக்கப்பட்ட முதல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர் இவர்தான். அன்று ஆளுங்கட்சி வரிசையில் இருந்தார்.) ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் எந்தத் தனியார் கம்பெனிக்குப் போயிருக்கிறது என்பதே கேள்வியின் சாரம். நிதி அமைச்சகத்தின் பதில் கேள்வியின் ஓரத்தைத் தொட்டுவிட்டு நழுவியது. அதில் பொய் என்று சுட்டிக்காட்ட ஒரு வாக்கியம் கிடைக்காது. ஆனால் கல்கத்தாவின் ஒரு தொழிலதிபர் பெயர் அதில் இல்லை. அவருடைய ஆறு கம்பெனிகளின் பெயரும் இல்லை.

அவர் பெயர் ஹரிதாஸ் முந்த்ரா. பல்பு விற்கும் ஆளாகத் தொடங்கி, வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழைய கம்பெனிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தவர். ஜெஸ்ஸப், ரிச்சர்ட்சன் க்ரூடாஸ், ஸ்மித் ஸ்டானிஸ்ட்ரீட், ஆஸ்லர் லேம்ப்ஸ், ஏஞ்செலோ பிரதர்ஸ், கான்பூரின் பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். பெயர்களெல்லாம் கம்பீரமானவை. பிடித்தவருடைய நிலைதான் தள்ளாடிக்கொண்டிருந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கி, அந்தப் பங்கை அடகுவைத்து மறுபடி கடன் வாங்கியவர். 1957 கோடையில் சந்தை விழுந்தபோது கழுத்தளவு தண்ணீரில் நின்றார்.

ஜூன் 21. முந்த்ரா ஒரு கடிதம் எழுதுகிறார். காப்பீட்டுக் கழகத்தின் தலைவருக்கு அல்ல. நிதி அமைச்சகத்தின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேலுக்கு. என் பங்குகளைக் கழகம் வாங்கிக்கொள்ளட்டும் என்பது வேண்டுகோள். சில நாட்களுக்குள் வேலை முடிந்துவிட்டது. கழகம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு ஆறு கம்பெனிப் பங்குகளையும் வாங்கிவிட்டது. எங்கே முதலீடு செய்யலாம் என்று ஆலோசனை சொல்லக் கழகத்துக்குள் ஒரு முதலீட்டுக் குழு உண்டு. அந்தக் குழுவைக் கேட்கவில்லை. சில பங்குகளுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே கொடுத்திருந்தார்கள்.

1957இன் ஒன்றேகால் கோடியை இன்றைய கோடிகளோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்க வேண்டாம். 245 காப்பீட்டு நிறுவனங்களைத் தேசியமயமாக்கி 1956 செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைத் தொடங்கியபோது அரசு அதற்குக் கொடுத்த மூலதனமே 5 கோடிதான்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அத்தியாயமே அதில்தான் நிற்கிறது. ஜீப் பேரம் அரசின் பணம். ஆகவே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பார்ப்பார், அவர் அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வரும், பொதுக்கணக்குக் குழு அதைப் பிரித்து மேயும். தாமதமானாலும் ஒரு பாதை இருந்தது. காப்பீட்டுக் கழகத்துக்கு அந்தப் பாதை இல்லை. கழகத்தின் கணக்கைப் பார்க்கும் தணிக்கையாளர்களை, அரசின் ஒப்புதலோடு, கழகமே நியமித்துக்கொள்ளலாம் என்றது சட்டம். தலைமைத் தணிக்கையாளர் உள்ளே வர வழியில்லை. லட்சக்கணக்கான பாலிசிதாரர்களின் பணம். அதைப் பற்றிக் கேட்க மீதமிருந்த ஒரே வாசல், மக்களவையில் காலையில் ஒரு மணி நேரம் திறந்திருக்கும் அந்தக் கேள்வி நேரம்.

அந்த வாசலிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அன்றைய விதிப்படி உறுப்பினர் பத்து முழு நாட்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அது துறைக்குப் போகும். அங்கே ஒரு பிரிவில் பதில் எழுதப்பட்டு, அதிகாரி மேல் அதிகாரியாக ஏறி, செயலாளர் வரைக்கும் போய்த் திருத்தப்பட்டு, மந்திரியின் மேசைக்கு வரும். துணைக் கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதற்கும் தனிக் குறிப்புக் கட்டு உண்டு. ஆக, அவையில் மந்திரி வாசிப்பது பெரும்பாலும் அதிகாரிகளின் எழுத்து. இந்த விஷயத்தில் அந்த அமைச்சகத்தின் தலைமை அதிகாரி யார்? முந்த்ராவின் கடிதத்தைப் பெற்றுக்கொண்ட அதே எச்.எம். படேல்.

மந்திரியோ அப்போது வேறு கவலையில் இருந்தார். நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. சென்னை வணிகர், அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்தவர், நாக்கில் சவரக்கத்தி வைத்திருப்பவர் என்று சக உறுப்பினர்கள் அஞ்சியவர். 1957 பட்ஜெட்டில் சொத்து வரி, செலவு வரி என்று இரண்டைக் கொண்டுவந்து பம்பாய், கல்கத்தா முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்திருந்தார். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வாங்கி வாங்கி லண்டனில் நாம் சேர்த்துவைத்திருந்த ஸ்டெர்லிங் இருப்பு வற்றிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அவர் அமெரிக்கா புறப்பட்டார், கடன் கேட்க. அந்த ஆண்டு இந்திய வெளியுறவில் பாதி வேலையை நிதி மந்திரிதான் செய்தார் என்று சொன்னால் மிகையில்லை. வாஷிங்டனில் இந்தியாவின் கணக்கு நேர்மையானது, கொடுத்த கடன் திரும்பும் என்று நம்பவைக்க வேண்டும். டெல்லியில் அவருடைய துறைக் கணக்கு ஒன்று நூல் பிரிந்துகொண்டிருந்தது.

அந்த நூலைப் பிடித்தவர் யார் என்பதுதான் நேருவுக்குத் தர்மசங்கடம்.

ஃபெரோஸ் காந்தி. ரேபரேலி உறுப்பினர். பிரதமரின் மருமகன். 1955 டிசம்பரில் டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி பாலிசிதாரர் பணத்தை எப்படித் தின்றது என்று அவையில் அவர் பிரித்துக் காட்டினார்; ஒரு மாதம் கழித்து ஆயுள் காப்பீடு முழுவதும் அரசின் கைக்கு வந்தது. அவருடைய இன்னொரு காரியத்தை நாம் பத்திரிகைக்காரர்கள் மறக்கக் கூடாது. நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது. அவையில் தான் சொல்லப்போவது மறுநாள் அச்சில் வரும் என்பதை அவர் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டார் போலும்.

நவம்பர் 29. மறுபடி கேள்வி. இம்முறை ராம் சுபக் சிங்கோடு ஃபெரோஸ் காந்தியும். டி.டி.கே. நேரில் பதில் சொன்னார். பங்குகள் வாங்கப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அது கழகத்தின் முதலீடு, கழகத்தின் முடிவு என்ற தொனி. மந்திரிகள் வழக்கமாக ஒதுங்கும் நிழல் இது: தன்னாட்சி பெற்ற அமைப்பு. லாபம் வந்தால் அரசின் சாதனை, கேள்வி வந்தால் தன்னாட்சி. துணைக் கேள்விகள் அடுக்கடுக்காக விழுந்தன. ஒவ்வொரு பதிலும் இன்னும் இரண்டு கேள்விகளை விட்டுச்சென்றது. கேள்வி நேரம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் யார் என்பது நினைவிருக்கிறதல்லவா? தனி விவாதத்துக்கு நாள் கிடைத்தது.

டிசம்பர் 16. ஃபெரோஸ் காந்தி எழுந்தார். உரத்துப் பேசும் பேச்சல்ல அது, கணக்குப்பிள்ளையின் பேச்சு. எந்தக் கம்பெனிப் பங்கு எந்தத் தேதியில் என்ன விலை, வாங்குவதற்கு முந்தைய நாட்களில் எப்படி ஏறியது, கழகம் என்ன கொடுத்தது என்று ஒவ்வொன்றாக வைத்தார். நாடாளுமன்றம் உருவாக்கிய நிறுவனத்தை நாடாளுமன்றம்தான் கண்காணிக்க வேண்டும் என்றார். சரிந்த சந்தையைத் தூக்கி நிறுத்தவே வாங்கினோம் என்ற வாதத்துக்கும் பதில் வைத்திருந்தார். சந்தையை நிறுத்த வேண்டுமானால் பல கம்பெனிகளின் பங்குகளை வாங்கியிருக்க வேண்டும். ஒரே மனிதரின் பங்குகளை வாங்கினால் நிற்பது அந்த மனிதர்தான்.

அதோடு விட்டிருந்தால் டி.டி.கே. தன் நாக்கின் பலத்தால் தப்பியிருக்கலாம். ஆனால் ஃபெரோஸ் காந்தியின் கையில் இன்னொன்றும் இருந்தது. நிதி மந்திரிக்கும் அவருடைய முதன்மைச் செயலாளருக்கும் இடையே நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்து. அது எப்படி அமைச்சகத்தின் இரும்பு அலமாரியை விட்டு வெளியே வந்தது என்பது வேறு கதை. ஆளுங்கட்சி வரிசையிலிருந்து, பிரதமரின் குடும்பத்திலிருந்து, அரசின் சொந்தக் காகிதம் அரசுக்கு எதிராக வாசிக்கப்பட்டது.

நேருவுக்கு முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, பந்த் காட்டிய வழி: விவகாரம் முடிந்தது என்று சொல்லிவிடுவது. ஜீப்பில் அது செல்லுபடியானது. ஆனால் ஜீப் லண்டன் விவகாரம், சாமானியருக்குத் தூரம். இதுவோ, ஏஜெண்டு வீட்டுக்கு வந்து மாதாமாதம் வாங்கிப்போகும் பிரீமியம்.

மிச்சமிருந்தது இரண்டாவது வழி. 1958 ஜனவரியில் விசாரணை அறிவிக்கப்பட்டது. தனிநபர் ஆணையம். பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா. அவர் முதல் காரியமாக விசாரணையைத் திறந்த மண்டபத்தில் வைத்தார். பம்பாயில் கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். காப்பீட்டுக் கழகத்தின் தலைவர் காமத், நிர்வாக இயக்குநர் வைத்தியநாதன், ரிசர்வ் வங்கி கவர்னர் எச்.வி.ஆர். அய்யங்கார், ஸ்டேட் பாங்க் தலைவர் பட்டாச்சாரியா என்று நாட்டின் நிதி நிர்வாகமே சாட்சிக் கூண்டுக்கு வந்தது. அட்டர்னி ஜெனரல் செதல்வாட் கேள்வி கேட்டார். மக்களவையில் துணைக் கேள்விக்கு மந்திரி மழுப்பினால் நேரம் முடிந்து மணி அடித்துவிடும். இங்கே மணி கிடையாது.

எல்லாச் சாட்சியங்களும் கடைசியில் ஒரே புள்ளியில் வந்து முட்டின. ஜூன் மாதம், பேரம் முடிவதற்கு முன், படேல் மந்திரியிடம் பேசினாரா? படேலின் நிலை: மந்திரியின் சம்மதத்தோடுதான் செய்தேன். டி.டி.கே.யின் நிலை: நான் சம்மதம் தரவில்லை.

இருவரும் சாதாரண ஆட்களல்ல. ஒருவர் ஐ.சி.எஸ். அதிகாரி, பிரிவினைக் காலத்தில் இந்தியாவின் சொத்துப் பங்கீட்டைக் கவனித்தவர். மற்றவர் ஒரு பைசாவுக்கும் விளக்கம் கேட்கும் வணிகர். ஒன்றேகால் கோடி ரூபாய் விஷயத்தில் இந்த இரண்டு பேருக்கும் நடுவே ஒரு வரிக் குறிப்புகூடக் கோப்பில் இல்லை. பேச்சு மட்டுமே, அதுவும் ஆளுக்கொரு விதமாக நினைவிருந்தது.

படேல் சொன்னது உண்மையானால், நாடாளுமன்றத்தில் மந்திரி நடந்ததை மறைத்தார். மந்திரி சொன்னது உண்மையானால், தன் செயலாளர் முந்த்ராவுக்காகக் கழகத்தின் பெட்டியைத் திறந்ததுகூடத் தெரியாமல் நிதி இலாகாவை நடத்தியிருக்கிறார். இரண்டில் எதைச் சாக்ளா எடுப்பார் என்று ஊரே பந்தயம் கட்டிக்கொண்டிருந்தது.

மத்திய பட்ஜெட்டுக்கு இன்னும் 18 நாள். நிதி மந்திரியின் மேசையில் புதிய வரிகளின் வரைவு தயாராகிக்கொண்டிருந்தது. 1958 பிப்ரவரி 10 அன்று சாக்ளா தன் அறிக்கையைக் கொடுத்தார். விசாரணை தொடங்கியதிலிருந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதில் அவர் அந்த இரண்டு முடிவுகளையும் தாண்டி, யாரும் பந்தயம் கட்டாத மூன்றாவது ஒன்றை எழுதியிருந்தார்.

(தொடரும்)