குழலில் ஒரு பெயர், கட்டையில் இன்னொரு பெயர்

புனேவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. துளை போடும் இயந்திரங்களோடுதான் பிழைப்பு. வருஷத்தில் ஒரு தடவை அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். அப்படி ஹார்ட்ஃபோர்ட் பக்கம் போயிருந்தபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சனிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், "கீழே வா, உனக்கு ஒன்று காட்டுகிறேன்" என்று நிலவறைக்கு அழைத்துப் போனார். ஃபிளானல் துணி சுற்றி வைத்திருந்த ஒரு துப்பாக்கியை எடுத்து மேஜையில் கிடத்தினார்.

எனக்குத் துப்பாக்கி என்றால் என்.சி.சி. முகாமில் குப்புறப் படுத்துக்கொண்டு ஐந்து ரவுண்டு சுட்டது, அவ்வளவுதான். அதிலும் ஒன்று பக்கத்துப் பையனின் அட்டையில் போய் விழுந்தது :-). ஆனால் இது வேறு ஜாதி. குழல் எட்டுப் பட்டை, கையில் தூக்கினால் கடப்பாரை கனம். தோளில் வைக்கும் பக்கம் கொக்கி மாதிரி இரண்டு கொம்பு. கீழே உள்ளங்கையில் தாங்கிக்கொள்ள ஒரு பிடி. விசையோ, மூச்சுப் பட்டாலே விழுந்துவிடும் போல இருந்தது. வேட்டைக்கும் ஆகாது, சண்டைக்கும் ஆகாது. நின்றபடி 200 கெஜ தூரத்தில் இருக்கும் அட்டையைச் சுடுவது ஒன்றுதான் இதற்கு வேலை.

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நடு உடம்பில் பல்லார்ட் என்று காப்புரிமைக்காரர் பெயரும், அதைத் தயாரித்த மார்லின் கம்பெனி பெயரும் இருந்தன. குழலின் மேல் ஹெச்.எம். போப், ஹார்ட்ஃபோர்ட் என்று ஒரு முத்திரை, கூடவே ஒரு எண். மரக்கட்டையில் பெயரே இல்லை. "இப்போது சொல், இதைச் செய்தது யார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இத்தனை வருஷமாகப் பிடித்து ஆட்டுகிறது.

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. ஜெர்மன், சுவிஸ், ஆஸ்திரிய ஊர்களில் ஷூட்ஸன் சங்கம் என்று நூற்றாண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. குறி பார்த்துச் சுடுகிறவர்கள் சேர்ந்து சங்கம் வைப்பார்கள். வருஷத்துக்கொரு திருவிழா நடக்கும், ஜெயித்தவருக்கு ராஜா பட்டம் சூட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் லட்சக்கணக்கில் கப்பலேறி அமெரிக்கா வந்தவர்கள் பாட்டையும் பீரையும் கொண்டுவந்த மாதிரி இதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். நியூ ஜெர்சி யூனியன் ஹில்லிலும், நியூயார்க் குவீன்ஸின் கிளென்டேலிலும், கலிபோர்னியாவில் ஷெல்மவுண்டிலும் பெரிய பூங்காக்கள் எழுந்தன. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வருவார்கள். ஒரு பக்கம் பேண்டு வாத்தியம், ஒரு பக்கம் குழந்தைகள் விளையாட்டு, இன்னொரு பக்கம் அப்பாக்கள் வரிசையாக நின்று சுடுவார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்ச் சங்கத்துப் பொங்கல் விழாதான் ஞாபகம் வந்தது. வாடகை மண்டபம், கரும்பு கட்டிய வாசல், உள்ளே கோலப்போட்டி, வெளியே பிள்ளைகள் ஒருத்தரோடு ஒருத்தர் இந்தியில் பேசிக்கொண்டு ஓடுவது. அங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது. பெரியவர்களுக்கு ஜெர்மன், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்.

அவர்கள் சுட்ட அட்டையில் 25 வளையம். நடு வளையத்தின் குறுக்களவு ஒன்றரை அங்குலம். அதை 600 அடி தூரத்திலிருந்து, எதிலும் சாய்ந்துகொள்ளாமல், நின்றபடி அடிக்க வேண்டும். கம்பெனியில் வாங்கிய துப்பாக்கி இதற்குப் போதவில்லை. எனவே நல்ல உடம்பு ஒன்றைக் கம்பெனியிடமிருந்து வாங்கி, குழலுக்கு ஒரு கைவினைஞரிடமும், கட்டைக்கு இன்னொருவரிடமும் போனார்கள். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குவது இப்படிப் பலர் கைபட்டு உருவான துப்பாக்கிகளைத்தான். டென்வரில் நார்வேக்காரர் ஜார்ஜ் ஷோயென், அவரிடம் தொழில் பழகிய ஆக்ஸல் பீட்டர்சன், சிராக்யூஸில் ஜிஷாங் என்று ஊருக்கு ஊர் கைராசிக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் ஹாரி போப்.

போப் 1861-ல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். 1881-ல் எம்.ஐ.டி.யில் இன்ஜினியரிங் முடித்தார். ஹார்ட்ஃபோர்டில் சைக்கிள் கம்பெனி நடத்திய உறவினரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் சைக்கிள், ராத்திரியில் துப்பாக்கிக் குழல். (கம்பெனி வேலையை முடித்துவிட்டுச் சொந்தப் பித்துக்கு உட்காரும் இன்ஜினியர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள், நம் வீட்டம்மாக்கள் கவனிக்க.) கொஞ்ச நாளில் அவருடைய குழல் இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்ற நிலை வந்தது.

அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. குழலின் உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழல வைக்கின்றன. போப் எட்டுப் பள்ளம் வெட்டினார். அந்தச் சுருளும் ஒரே சீராக இருக்காது. அடியில் மெதுவாகத் திரும்பி, நுனியை நெருங்க நெருங்க வேகமாகத் திரும்பும். குழலின் துளையும் நுனிப்பக்கம் மயிரிழை குறுகலாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்தையும் சின்ன வெட்டுளியைத் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் வெட்ட வேண்டும். ஒரு இழுப்பில் கண்ணுக்குத் தெரியாத அளவுதான் உலோகம் கழியும். அவசரப்பட்டால் குழல் குப்பைக்குப் போகும்.

அடுத்தது குண்டைப் போடும் முறை. மருந்து நிரப்பிய தோட்டாவை வழக்கம்போலப் பின்னாலிருந்து செருக வேண்டும். ஆனால் ஈயக்குண்டை மட்டும் முன்வாய் வழியாக அடிவரை தள்ள வேண்டும். ஏன் இந்தச் சுற்றுவழி? பின்னாலிருந்து போகும் குண்டு பள்ளங்களில் திணியும்போது அதன் அடிவிளிம்பில் பிசிறு எழும்பும். முன்வாய் வழியே போனால் அடி சுத்தமாக இருக்கும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கணத்தில் அந்த அடிவிளிம்பு எப்படி இருக்கிறது என்பதில்தான் குறி நிற்கிறது. லேத்தில் பிசிறு எடுத்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். தோட்டாக் கூடும் ஒன்றே ஒன்றுதான். அதையே நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நிரப்பிச் சுட்டார்கள்.

முன்வாயில் குண்டைத் திணித்தால் குழல் விளிம்பு தேயுமே? அதற்குத்தான் பொய்வாய். குழலில் பள்ளம் வெட்டுவதற்கு முன்பே நுனியில் ஒரு துண்டை அறுத்து, ஊசிகள் வைத்து மறுபடி பொருத்தி, இரண்டையும் சேர்த்தே துளைத்து, சேர்த்தே பள்ளம் வெட்டுவார்கள். குண்டைத் தள்ளும்போது மாட்டிக்கொள்ளலாம், சுடும்போது கழற்றி விடலாம். கழற்ற மறந்து சுட்டால் அம்பேல். அதனால் குறி பார்க்கும் கண்ணை மறைக்கிற மாதிரி சிலவற்றின் மேல் ஒரு கட்டையும் வைத்தார்கள்.

இந்தப் பொய்வாய்க்கு 1840-ல் காப்புரிமை வாங்கியவர் ஆல்வன் கிளார்க். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? தொலைநோக்கிக்குக் கண்ணாடி வில்லை தேய்த்த அதே கிளார்க்தான். 1877-ல் செவ்வாயின் இரண்டு நிலவுகளைக் கண்டுபிடித்த வாஷிங்டன் தொலைநோக்கியின் 26 அங்குல வில்லை அவர் பட்டறையில் செய்தது. துப்பாக்கி நுனியிலிருந்து செவ்வாய் வரைக்கும் ஒரே கை!

போப் குழலின் பெருமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1901-ல் கொலராடோவின் போல்டரில் ரோலண்ட் என்பவர், போப் குழல் வைத்த துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து, 200 கெஜத்தில் பத்து குண்டு சுட்டார். பத்தும் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கின. பல பத்தாண்டுகள் இதைத்தான் எல்லோரும் அளவுகோலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதே 1901-ல் மாசசூசெட்ஸ் ஸ்டீவன்ஸ் கம்பெனி போப்பை வேலைக்கு எடுத்தது. ஸ்டீவன்ஸ்-போப் என்று முத்திரை வந்தது. சில வருஷத்தில் அவர் விலகினார். பெயர் மட்டும் அதற்குப் பிறகும் குழல்களில் ஏறிக்கொண்டிருந்தது. இதனால்தான் சேகரிப்பவர்கள் ஹார்ட்ஃபோர்ட் முத்திரை என்றால் ஒரு மாதிரியும், ஸ்டீவன்ஸ் முத்திரை என்றால் வேறு மாதிரியும் பார்க்கிறார்கள். பெயர் இருக்கும், கை இருக்காது.

சொந்தமாகப் பட்டறை போடலாம் என்று சான்பிரான்சிஸ்கோ போனார். எப்போது? 1906-ல். ஏப்ரல் 18-ஆம் தேதி விடிகாலையில் பூகம்பம், அதன் பின்னாலேயே தீ. பட்டறை திறந்த சூட்டோடு எல்லாம் போயிற்று. 44 வயதில், கைக்கருவிகள் உட்பட அத்தனையையும் இழந்து கிழக்கே திரும்பினார். கடைசியில் ஜெர்சி சிட்டியின் மோரிஸ் தெருவில் ஒரு மாடியில் பட்டறை போட்டார். முதுமை வரை அங்கேதான். உள்ளே நடக்க ஒற்றையடிப் பாதைதான் இருந்ததாம், மற்ற இடமெல்லாம் குழலும் காகிதமும் தூசியும். கொடுத்த வேலை வருஷக்கணக்கில் கிடக்கும். ஆனாலும் மனிதர்கள் காத்திருந்தார்கள். 1950-ல் காலமானார்.

அவர் ஜெர்சி சிட்டியில் இருந்த காலத்திலேயே அவர் பிழைப்புக்கு ஆதாரமான உலகம் முடிந்துவிட்டது. 1917-ல் அமெரிக்கா ஜெர்மனிக்கு எதிராகப் போரில் இறங்கியது. ஜெர்மன் பேசுவதே சந்தேகத்துக்கு இடமான காரியம் ஆயிற்று. ஜெர்மன் பெயர் வைத்த சங்கம், அதுவும் துப்பாக்கிச் சங்கம் என்றால் கேட்கவே வேண்டாம். சில சங்கங்கள் பெயரை மாற்றின, பல மூடின. போர் முடிந்த பிறகும் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. அவர்களுக்குப் பேஸ்பால் இருந்தது.

துப்பாக்கிகள் பரணுக்குப் போயின. 1930-களில் வேறொரு வினை வந்தது. சின்னப் பிராணிகளைச் சுடும் அதிவேகத் தோட்டாக்கள் சந்தைக்கு வர, அவற்றுக்கு உறுதியான உடம்பு தேவைப்பட்டது. பழைய பல்லார்ட், வின்செஸ்டர் உடம்புகளை எடுத்துக்கொண்டு குழலையும் கட்டையையும் கழித்தார்கள். இப்படித்தான் ஒரே துப்பாக்கி மூன்று துண்டாகி மூன்று ஊருக்குப் போனது. அதைத் தடுத்தவர்கள் சில பைத்தியக்காரர்கள். 1947-ல் ஜேம்ஸ் கிராண்ட் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் பற்றிப் புத்தகம் போட்டார். 1948-ல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியது. அந்தப் போட்டிகள் இன்றும் நடக்கின்றன.

இனி, செய்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி? வின்செஸ்டர் உடம்பு என்றால் பாதி வேலை சுலபம். 1885 மாடலின் 1 முதல் 1,09,999 வரையான எண்களில் பெரும்பாலானவற்றுக்குத் தொழிற்சாலைப் பேரேடு வயோமிங்கின் கோடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதிக் கேட்டால் எந்தத் தேதியில், எந்தக் குழலோடு வெளியே போனது என்று தெரியும். பேரேட்டில் வேறு குழல் இருந்தால், பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோ யார் என்பதற்கு முத்திரை, பள்ளங்களின் எண்ணிக்கை, சுருள் திரும்பும் திசை (போப் இடது பக்கம் சுற்றுவார்), குண்டு வார்ப்பச்சில் உள்ள எண் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். குழலோடு சேர்ந்து பிறந்த பொய்வாய் தொலைந்திருந்தால் மதிப்பு படுத்துவிடும், வேறொன்றைக் கடைந்து மாட்ட முடியாது. முத்திரையைப் பொய்யாக அடிக்கிறவர்களும் உண்டு. உள்ளே இருக்கும் பள்ளத்தைப் பொய்யாக வெட்டத்தான் ஆளில்லை.

சொந்தக்காரரைத் தேடுவது இன்னொரு பாதை. அந்தக் காலத்துச் சுடும் பத்திரிகைகளில் வாராவாரம் புள்ளிப் பட்டியல் வரும். நகரப் பெயரேடுகளில் பெயர், தொழில், தெரு இருக்கும். இதற்கு அமெரிக்காவில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, வருடப்பட்ட பக்கங்கள் இணையத்திலேயே நிறைய கிடைக்கின்றன. நான் சேகரிப்பது அதைத்தான். துப்பாக்கியை இங்கே சேகரிக்க நினைத்தால் 1959 சட்டமும், இரண்டுக்கு மேல் கூடாது என்ற 2019 திருத்தமும் இருக்கின்றன. அதைவிடப் பெரிய சட்டம் வீட்டுக்குள் இருக்கிறது.

நிலவறையில் கடைசியாகப் பெரியவர் ஒன்று செய்தார். தோள்பட்டைக் கொக்கியின் இரண்டு திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே மரத்தில் பென்சிலால், பழைய ஜெர்மன் கையெழுத்தில் ஒரு பெயர். கட்டை செதுக்கியவரா, சொந்தக்காரரா? அந்தப் பெயரோடு அந்த ஊர்ப் பெயரேட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் தச்சர், ஒருவர் மதுக்கடை, ஒருவர் கருவிப் பட்டறை. தச்சர்தான் என்று நான் சொன்னேன். தச்சருக்கு இத்தனை மெல்லிய உளி இருக்காது, பட்டறைக்காரர்தான் என்றார் அவர். இன்னும் தீரவில்லை.

ஊர் திரும்பியதும் என் அலமாரியில் அப்பா கொடுத்த சர்ஃபேஸ் கேஜை எடுத்துப் பார்த்தேன். அப்பா கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் பட்டறையில் டர்னர். அடிக்கட்டையில் இரண்டு எழுத்து பஞ்ச் அடித்திருக்கிறது. இத்தனை வருஷம் அது அப்பாவின் இனிஷியல் என்றே நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் இரண்டாவது எழுத்து வேறு. போன் போட்டேன்.

"அது என்னோடது இல்லீடா கண்ணு, எங்க மேஸ்திரியோடது" என்றார் அப்பா. "அவரே கையால செஞ்சது. நான் தொழில் கத்துக்கிட்டப்ப குடுத்தாரு."

மேஸ்திரி எந்த ஊர், யாரிடம் தொழில் படித்தார் என்று கேட்டேன். அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது. மேஸ்திரியைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். நான் ஒரு பழைய டைரியை எடுத்துத் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீதியைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.