புரவலரே நடுவரான காலம்

2015 ஜூலை 14. உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையிலான குழு அன்று அறிவித்த தண்டனையை, அதற்கு முந்தைய நாள்வரை தமிழ்நாட்டில் எதிர்பார்த்தவர்கள் குறைவு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை நடத்திய இந்தியா சிமெண்ட்ஸும், ராஜஸ்தான் ராயல்ஸ் அணியை நடத்திய ஜெய்ப்பூர் நிறுவனமும் இரண்டு ஆண்டுகளுக்கு ஐ.பி.எல். போட்டியிலிருந்து விலக்கப்பட்டன. சூதாட்டப் புகாரில் சிக்கிய சென்னை அணியின் குருநாத் மெய்யப்பனும் ராஜஸ்தான் அணியின் ராஜ் குந்த்ராவும் வாழ்நாள் முழுக்க இந்திய கிரிக்கெட் வாரியத்தின் ஆட்டங்களை நெருங்க முடியாது என்றானது. எட்டு ஆண்டுகளில் ஆறு முறை இறுதி ஆட்டம் கண்ட அணி சென்னை. செல்வாக்கும் செல்வமும் உள்ள ஓர் அணியை விதி தொட்டுவிட்டதா என்று ஊரே பேசியது.

அந்தக் கேள்வி இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. கணக்கில் தில்லுமுல்லு செய்ததாக 2020 பிப்ரவரியில் மான்செஸ்டர் சிட்டிக்கு ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் இரண்டு பருவத் தடையும் 3 கோடி யூரோ அபராதமும் விதித்தது. ஐந்தே மாதத்தில் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் தடையை நீக்கி, அபராதத்தை 1 கோடியாகக் குறைத்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக் அதே கிளப்பின்மீது நூறுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை 2023 பிப்ரவரியில் சுமத்தியது. விசாரணை தொடங்கவே அடுத்த ஆண்டு செப்டம்பர் ஆனது. அதற்குள் எவர்டன் மூன்று ஆண்டு நட்ட வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியதற்காக 10 புள்ளிகளை இழந்து, மேல்முறையீட்டில் 4 புள்ளிகளைத் திரும்பப் பெற்று, இன்னொரு வழக்கில் மறுபடி 2 புள்ளிகளைப் பறிகொடுத்துவிட்டது. 1885இல் பிறந்த பரி கிளப்போ பணமில்லாத காரணத்தால் 2019இல் லீக்கைவிட்டே துரத்தப்பட்டது. வக்கீல் வைக்க வசதி உள்ளவருக்குக் காலம் கிடைக்கிறது. இல்லாதவருக்குத் தீர்ப்பு கிடைக்கிறது.

சென்னையின் கதை இதைவிடச் சிக்கலானது. அதைப் புரிந்துகொள்ள, தமிழ்நாட்டு கிரிக்கெட்டில் வேரூன்றிய ஒரு பழைய வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்: புரவலர் வழக்கம்.

வெள்ளையரின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் உள்ளூர்க்காரர்களை ஒதுக்கிவைத்திருந்த நாளில், 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் செல்வந்தர் புச்சிபாபு நாயுடு. மட்டை, பந்து, உடை எல்லாம் அவர் செலவு. அவருக்குப் பிறகு தொழிலதிபர்கள் வந்தார்கள். வாரியத்தின் தலைவராக 1960களின் தொடக்கத்தில் இருந்த எம்.ஏ.சிதம்பரம் பெயரைத்தான் சேப்பாக்கம் மைதானம் தாங்கி நிற்கிறது. நிறுவனங்கள் பழைய கிளப்புகளை எடுத்து நடத்தின. ஆட்டக்காரர்களுக்கு அலுவலக வேலையும் மாதச் சம்பளமும் தந்தன. காலையில் கோப்பு, மாலையில் வலைப்பயிற்சி. சென்னை லீக்கை நாட்டின் வலுவான லீக்குகளில் ஒன்றாக்கியது இந்த ஏற்பாடுதான். நடுத்தர வர்க்கப் பையன் ஒருவன் பந்து வீசியே குடும்பத்தைக் காப்பாற்ற முடிந்தது என்றால் அதற்குப் புரவலர்களே காரணம். இந்த நன்றியை மறுப்பது நியாயமில்லை.

அந்தப் பணத்தின் ஓர் ஊற்று தென்கோடியில் இருந்தது. வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில், புளியங்குடி வட்டாரங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்திருந்த காலத்திலேயே மாவட்டத்தின் பெரிய ஆலைகளில் ஒன்று தாழையூத்து சிமெண்ட் ஆலை. 1946இல் கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என்.சங்கரலிங்க ஐயரும் டி.எஸ்.நாராயணசாமியும் சேர்ந்து தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 1949இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு சங்கர் நகர் ஆனது. மூட்டையில் சங்கர் சிமெண்ட் என்ற பெயர் ஏறியது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓட்டு வீடுகள் காங்கிரீட் வீடுகளாக மாறிய பத்தாண்டுகளில் அந்தப் பெயரைத் தெரியாத கொத்தனார் இருந்திருக்க முடியாது. நாராயணசாமியின் மகன் என்.சீனிவாசன் பின்னாளில் அந்த நிறுவனத்தின் தலைவரானார். 2002இல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவருமானார்.

அதுவரை புரவலர் கொடுத்தார், கிரிக்கெட் வாங்கிக்கொண்டது. 2008 ஜனவரி 24 அன்று அந்தக் கணக்கு தலைகீழானது.

அன்று நடந்த ஏலத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு எடுத்தது. சீனிவாசன் அப்போது இந்திய கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். நிர்வாகிகள் யாரும் வாரியத்தின் ஆட்டங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் கொள்ளக் கூடாது என்பது வாரியத்தின் விதி, எண் 6.2.4. ஏலம் முடிந்து எட்டு மாதம் கழித்து, 2008 செப்டம்பரில், அந்த விதியிலிருந்து ஐ.பி.எல்.லுக்கு விலக்களிக்கும் திருத்தம் வந்தது. மீறல் முதலில், விதி பிறகு. அணியின் விளம்பரத் தூதராக இருந்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தே தேசிய அணியின் தேர்வுக்குழுத் தலைவராகவும் இருந்தார். அதையும் வாரியத்துக்குள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி கேட்டவர் ஏ.சி.முத்தையா. வாரியத்தின் முன்னாள் தலைவர், எம்.ஏ.சிதம்பரத்தின் மகன். பழைய புரவலர் குடும்பமே புதிய புரவலரின்மீது வழக்குத் தொடுத்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். வழக்கு தொங்கியது, சீனிவாசன் அதே ஆண்டு வாரியத் தலைவரானார்.

வாரியத்துக்குத் தண்டிக்கத் தெரியாது என்று இதை வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2010 அக்டோபரில் பங்குரிமை விதிகளை மீறியதாகச் சொல்லி ராஜஸ்தானையும் பஞ்சாபையும் ஒரே நாளில் வெளியேற்றியது இதே வாரியம். இரண்டும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டித்தான் திரும்பி வந்தன. 2011 செப்டம்பர் 19 அன்று, சீனிவாசன் தலைவர் பொறுப்பேற்ற அதே நாளில், வங்கி உத்தரவாதம் தராத குற்றத்துக்காக கொச்சி அணியின் உரிமம் ரத்தானது. ஒரே ஒரு பருவம் ஆடிய அணி அது. மறு ஆண்டு டெக்கான் சார்ஜர்ஸ் போனது. அந்த இடத்தைச் சென்னையின் சன் டி.வி. குழுமம் எடுத்து ஹைதராபாத் அணியை உருவாக்கியது. கொச்சியை நீக்கியது தவறு என்று நடுவர் பின்னர் தீர்த்து, சுமார் 538 கோடி ரூபாய் இழப்பீட்டை 2015இல் விதித்தார். 2025இல் மும்பை உயர் நீதிமன்றமும் கொச்சித் தரப்பின் பக்கமே நின்றது. ஆக, கத்தி இருந்தது, கூர்மையும் இருந்தது. யார் கழுத்தில் வைப்பது என்பதில்தான் வேறுபாடு.

2013 மே 16 அதிகாலையில் டெல்லி போலீஸ் ராஜஸ்தான் அணியின் ஸ்ரீசாந்த், அங்கித் சவான், அஜித் சாண்டிலா மூவரையும் கைது செய்தது. எட்டு நாள் கழித்து மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பனைப் பிடித்தது. அவர் சீனிவாசனின் மருமகன். ஆட்டக்காரர்கள் அமரும் இடத்திலும் ஏல மேசையிலும் அதுவரை அணியின் முகமாகத் தெரிந்தவரை, நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர்களில் ஒருவர், உரிமையாளரோ அணியின் தலைமைப் பொறுப்பாளரோ அல்ல என்று இந்தியா சிமெண்ட்ஸ் அறிக்கை விட்டது. வாரியம் இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகளை வைத்து ஒரு குழு அமைத்தது. இரண்டு மாதம் நிறைந்ததும் நிறையாததுமாக, ஜூலை 28 அன்று, தவறு எதுவும் நடக்கவில்லை என்ற அறிக்கை வந்தது. இரண்டே நாளில் மும்பை உயர் நீதிமன்றம் அந்தக் குழுவே சட்டத்துக்குப் புறம்பாக அமைக்கப்பட்டது என்றது.

பீகார் கிரிக்கெட் சங்கம் தொடுத்திருந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போன பிறகுதான் காரியம் நகர்ந்தது. நீதிபதி முகுல் முத்கல் குழு 2014 பிப்ரவரியில் அறிக்கை தந்தது: குருநாத் சென்னை அணியின் அதிகாரிதான், அவர் பந்தயம் கட்டினார், அணியின் உள்தகவலையும் வெளியே சொன்னார். அடுத்த மாதம் நீதிமன்றம் சீனிவாசனை வாரியத் தலைவர் பொறுப்பிலிருந்து ஒதுங்கச் செய்தது. ஒதுங்கியிருந்தபோதே, அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், அவர் உலக கிரிக்கெட் அமைப்பின் தலைவராக அமர்ந்தார். 2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ்.தாக்கூரும் காரைக்குடிக்காரரான எஃப்.எம்.இப்ராகிம் கலிஃபுல்லாவும் 6.2.4 திருத்தத்தைச் செல்லாது என்று அடித்துப்போட்டார்கள். குற்றத்தை மூடிமறைத்தார் என்ற புகார் சீனிவாசன்மீது நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அணியில் வணிக ஆதாயம் இருக்கும்வரை அவர் வாரியத் தேர்தலில் நிற்க முடியாது என்றும் சொன்னது. தண்டனையை முடிவுசெய்யும் பொறுப்பு லோதா குழுவுக்குப் போனது.

இரண்டு ஆண்டுத் தடை கண்துடைப்பல்ல. மான்செஸ்டர் சிட்டி தப்பிய தண்டனை சென்னைக்கு முழுசாக நிறைவேறியது. 2006இல் யுவெண்டஸ் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதற்குப் பக்கத்தில் வைக்கத் தக்கது அது. ஆனால் அந்தப் பாரம் யார் தோளில் இறங்கியது என்று பார்த்தால் மனம் ஒப்பவில்லை.

2016லும் 2017லும் சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். இல்லை. ஆட்டநாள் வருமானத்தை நம்பியிருந்த ஆட்டோக்காரருக்கும், சட்டை விற்றவருக்கும், சுண்டல் விற்றவருக்கும் யாரும் இழப்பீடு தரவில்லை. தோனி புனேக்குப் போனார், ரெய்னா ராஜ்கோட்டுக்குப் போனார். இடைவெளியை நிரப்ப வந்த அந்த இரண்டு அணிகளும் மத்திய வருவாயில் பங்கு கேட்காமல், வாரியத்துக்கே ஆண்டுதோறும் 16 கோடியும் 10 கோடியும் கட்டுவதாக ஏலம் கேட்டிருந்தன. தண்டனைக் காலத்தில் வாரியத்துக்கு நட்டமில்லை. 2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. சங்கர் நகரில் உள்ள இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம் அதன் களங்களில் ஒன்று. ஐ.பி.எல்.லைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்த வாசுதேவநல்லூர்ப் பையன்களுக்குப் போய்வரும் தூரத்தில் விளக்கொளி ஆட்டம் வந்தது. தென் மாவட்டத்துக்கு அது நல்ல காரியம். தடைபட்ட அணியின் நிறுவனம் அதே ஆண்டில் வேறொரு போட்டியின் முகமாக நின்றதும் உண்மை.

2018இல் அணி திரும்பியபோது, 2015ஆம் ஆண்டுப் பட்டியலிலிருந்து பழைய வீரர்களைத் தக்கவைக்கத் தனி விதி தரப்பட்டது. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரும் வந்தார்கள். மே 27 அன்று வாட்சன் 117 ரன் அடிக்க, கோப்பையும் வந்தது. ரசிகர்கள் கொண்டாடியதில் குறையேதும் இல்லை, குற்றம் அவர்களுடையதல்ல. ஆனால் அதே ஸ்ரீசாந்தைப் பாருங்கள். 2015 ஜூலையில் விசாரணை நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியத்தின் தடை மட்டும் 2020 செப்டம்பர்வரை நீடித்தது. அணிக்கு இரண்டு ஆண்டு, ஆட்டக்காரருக்கு ஏழு ஆண்டு. வேறு அணியுடன் பேரம் பேச முயன்றதாக ஜடேஜாவும் 2010 பருவம் முழுக்க வெளியே உட்காரவைக்கப்பட்டவர்தான். தனிமனிதனைத் தண்டிப்பதில் வாரியம் ஒருநாளும் தயங்கியதில்லை.

லோதா குழுவின் தண்டனை வருமுன்பே ஒரு கைமாற்றமும் நடந்தது. இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து அணியைப் பிரித்து, சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற தனி நிறுவனத்துக்கு மாற்றினார்கள். பரிமாற்றத்தின் மதிப்பு வெறும் 5 லட்சம் ரூபாயாகக் காட்டப்பட்டதாக வாரியத்துக்குள்ளேயே சர்ச்சை வெடித்தது. 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனம் இந்தியா சிமெண்ட்ஸைக் கைப்பற்றியபோது, எண்பது ஆண்டை நெருங்கிய நிறுவனம் கைமாறியது. கிரிக்கெட் அணி அந்த விற்பனையில் சேரவில்லை.

லோதா குழுவின் பரிந்துரைகளால் வாரியத்துக்கு ஒரு நெறிமுறை அதிகாரி கிடைத்தார். அந்தப் பொறுப்பில் இருந்த நீதிபதி டி.கே.ஜெயின், சீனிவாசனின் மகளும் அப்போதைய தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவருமான ரூபா குருநாத்தின் பதவியில் நல முரண் இருப்பதாக 2021இல் தீர்ப்பளித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ரூபா பதவி விலகினார். நிர்வாகிகள் தொடர்ந்து பதவியில் அமராமல் தடுக்க லோதா வகுத்த ஓய்வுக்கால விதியை 2022 செப்டம்பரில் வாரியத்தின் கோரிக்கையை ஏற்று உச்ச நீதிமன்றமே தளர்த்தியது.

2008இலிருந்து இன்றுவரையான வரலாற்றில், அதிகாரத்தில் இருந்த ஒருவரின் அணியை வாரியம் தானாகத் தண்டித்த நிகழ்ச்சி ஒன்றுகூட இல்லை. சென்னை அனுபவித்த இரண்டு ஆண்டுகளும் நீதிமன்றம் கொடுத்தவை.